டொக்டொக் அண்ணாச்சி வண்டிக்குத் தளம் போட்ட கதை

பாளையங்கோட்டையில் டொக்டொக் அண்ணாச்சியின் விரல் படாத பொருள் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பொருள் இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அண்ணாச்சியே பக்கத்து வீட்டுக்குக் கை காட்டுவார். எதைக் கண்டாலும் நடுவிரலை மடக்கி, தலையைச் சாய்த்து, 'டொக் டொக்' என்று இரண்டு தட்டு. அதற்கப்புறம்தான் பேச்சு. தேங்காயைத் தட்டி வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர் கத்தரிக்காயைத் தட்டுவார். டவுன் பஸ்ஸில் ஏறுமுன் பஸ்ஸைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் டிரைவருக்கு 'போகலாம்' என்று பொருள் அல்லவா? அவரைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பஸ் போன நாட்கள் எத்தனையோ.

மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், காப்பி வருவதற்குள் கூடத்து டைல்ஸ் முழுவதையும் குனிந்து குனிந்து தட்டி, "இங்கன நாலு கல்லுக்கு அடியில சிமெண்டு இல்ல" என்று அறிவித்தார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெண்ணின் அப்பாவோ அங்கேயே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுவிட்டு, அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு ஆளு நம்ம குடும்பத்துக்கு வேணும்" என்றார். கல்யாணம் நடந்தது.

எனக்கும் அவருக்கும் அறிமுகம் சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் கணக்கு டீச்சர். அவருக்கு எதிர் வீடு. குடிவந்த புதிதில் ஆசையாக ஒரு ப்ளைவுட் அலமாரி செய்திருந்தேன். அண்ணாச்சி வந்தார், தட்டினார்.

"டீச்சர், இது வார ஐப்பசியத் தாண்டாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புது வீட்டில் வந்து சொல்லும் பேச்சா இது என்று ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஐப்பசி மழையில் அலமாரிக் கதவு ஊறி உப்பித் திறக்க முடியாமல் போனது. உள்ளே என் அத்தனை புடவைகளும் மாட்டிக்கொண்டன. கடப்பாரையோடு வந்து திறந்து கொடுத்தவர் அவரேதான். 'சொன்னேம்லா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் முதல் கருப்பட்டிக் காப்பி குடித்தார். டம்ளரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

அவருடைய பிழைப்பு ஒரு பழைய பிக்கப் வண்டி. ஒரு காலத்தில் அது வெள்ளை நிறம் என்று அவர் சொல்வார், நாங்கள் மறுப்பதில்லை. உடன்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றிவந்து பாளையங்கோட்டைக் கடைகளில் இறக்குவார். இருபத்திரண்டு வருடமாக இதே வண்டி, இதே ரோடு. இன்ஜின் கல்லுக்குண்டு போல இருந்தது. பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியின் தளம்தான் துருப்பிடித்து அப்பளம் ஆகிவிட்டது.

போன மார்கழியில் ஒருநாள் ஆழ்வார்திருநகரி பக்கம் வந்துகொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளில் ஒருவர் மூச்சிரைக்க வந்து வண்டியை மறித்தார். கையில் நாலு கருப்பட்டி. மடியில் ஆறு.

"என்ன அண்ணாச்சி, குரும்பூர்ல இருந்து போட்டுக்கிட்டே வாரீயளே, வேண்டுதலா?"

இறங்கிப் பார்த்தால் தளத்தில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓலைப்பெட்டியின் அடியும் கிழிந்து, கருப்பட்டி ஒவ்வொன்றாக ரோட்டில் இறங்கி நடந்திருக்கிறது. வழியெல்லாம் மக்கள் பக்தியோடு பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இதற்குத்தான் பேச்சியக்கா காத்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி. சென்னையில் மகன் பதினோராவது மாடியில் வீடு வாங்கிவிட்டு, "வண்டியை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

"பங்குனி உத்திரத்துக்குள்ள வண்டிக்கு ஒரு வழி பண்ணுங்க. சாஸ்தா கோயிலுக்கு அண்டா குண்டா ஏத்திட்டுப் போவ முடிஞ்சா வண்டி இருக்கட்டும். இல்லைன்னா பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவேன். நாம மெட்ராசுக்குப் போயிருவோம்."

அது வெறும் தேதி அல்ல. எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தங்கள் குலசாமியான சாஸ்தாவைத் தேடிப் போகும். காடோ, குளக்கரையோ, சாஸ்தா எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ப் பொங்கலிட்டுச் சாப்பிட்டு வரவேண்டும். அண்ணாச்சி குடும்பத்துச் சாஸ்தா உடன்குடிக்கு அந்தப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டில் இருக்கிறார். அறுபது எழுபது பேருக்குச் சமைக்கிற பாத்திரம் முழுவதும் வருடா வருடம் இந்த வண்டியில்தான் போகும். அண்ணாச்சிக்கு அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரே பதவி அதுதான். அதோடு, பதினோராவது மாடியில் ஒரு மனிதர் எதைத் தட்டிக்கொண்டிருப்பார்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போலீசைக் கூப்பிடுவார்கள்.

ஆக, தளம் போடவேண்டும். எதில் போடுவது?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் ஆராதனை முடிந்து திரும்பி வருகிறேன். தெரு நடுவில் நாற்காலி போட்டு, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு ஸ்டூல். பக்கத்தில் கடை கடையாக வாங்கிவந்த மாதிரித் துண்டுகள். பேச்சியக்கா ஒவ்வொன்றாக ஸ்டூலில் வைக்கவேண்டும், இவர் தட்டித் தீர்ப்பு வழங்குவார். தெருவே கூடி நின்றது.

"கண்ண ஏன் அண்ணாச்சி கெட்டிருக்கீங்க?" என்றேன்.

"கண்ணு பெயிண்டப் பாத்து மயங்கிரும் டீச்சர். காது மயங்காது. ஏட்டி, வையி."

முதலில் ரப்பர் விரிப்பு. டொக் டொக். "இது பொணம். எடு."

பிளாஸ்டிக் பலகை. "பேசவே மாட்டேங்குது. ஊமை."

ப்ளைவுட். இரண்டு தட்டு, ஒரு முகச்சுளிப்பு. "இது டீச்சர் வீட்டு அலமாரிக்குச் சொந்தக்காரன்."

அலுமினியத் தகடு. "சிணுங்குது. அண்டாவத் தூக்கி வச்சா அழுதிரும்."

பேச்சியக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். எதையோ முந்தானையில் மூடி எடுத்துவந்து ஸ்டூலில் வைத்தார். அண்ணாச்சி தட்டினார். கணீர் என்றது. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இன்னொரு தரம் தட்டினார். இன்னொரு தரம்.

"ஆகா! கேட்டியாட்டி? கோயில் மணி மாதிரில்லா பேசுது! இதாம்ட்டி நான் தேடுனது. எந்தக் கடைத் தகடு இது?"

"எங்க அம்மை சீதனமாக் குடுத்த தோசைக்கல்லு."

தெரு சிரித்த சிரிப்பில் காக்கை எல்லாம் பறந்து போயின. வேறு ஒருவராக இருந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார். அண்ணாச்சி துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப இரும்பு. முடிஞ்சிது" என்று எழுந்துவிட்டார்.

புள்ளி புள்ளியாகப் புடைப்பு வைத்த கனத்த இரும்புத் தகட்டை வாங்கிப் பட்டறையில் வைத்துப் பற்றவைத்தார்கள். முதல் நாள் காலியாக உடன்குடிக்குப் போகும்போதே, பின்னால் கிடந்த ஜாக்கியும் ஸ்பானரும் குதித்த குதியில், செய்துங்கநல்லூரில் ஒரு கல்யாண வீட்டார் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று வாசலுக்கு ஓடி வந்தார்களாம். அதாவது பரவாயில்லை. திரும்பும்போது நல்ல மாசி வெயில். மேலே சூரியன், கீழே சைலன்சர், நடுவில் இரும்பு, அதன்மேல் கருப்பட்டி. பாளையங்கோட்டை வந்து பெட்டியைத் தூக்கினால் பெட்டி வந்தது, கருப்பட்டி வரவில்லை. அடிவரிசை முழுவதும் பாகாகித் தகட்டின் புள்ளிக்குள் எல்லாம் இறங்கி உறைந்துவிட்டது. தோசைத் திருப்பியால் சுரண்டினார்கள். மூன்று தெரு எறும்பும் எங்கள் தெருவில் வந்து குடியேறியது.

"நான் அன்னைக்கே தோசைக்கல்லுன்னு சொன்னேம்லா?" என்றார் பேச்சியக்கா. "எண்ணெய் தடவியிருக்கணும்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் மறுநாளிலிருந்து அண்ணாச்சி எதையும் தட்டவில்லை. காய்க்காரரிடம் தேங்காயை அப்படியே வாங்கிப் பையில் போட்டார். பஸ்ஸில் பேசாமல் ஏறினார். கண்டக்டர் இறங்கி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம். நாலாம் நாள் பேச்சியக்கா என் வீட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், இவுக எதையுமே தட்ட மாட்டேங்காக. நேத்து எங்க தம்பி புது வண்டி கொண்டாந்து நிறுத்துனான். அதக்கூடத் தட்டல. 'அத்தான், இந்த வருசம் சாஸ்தா கோயிலுக்குப் பாத்திரமெல்லாம் நம்ம வண்டில போட்டுக்கிடலாம்'னான். சரிங்காக. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவணுமோ?"

"நீங்கதானக்கா மெட்ராஸ் போகணும்னு சொன்னீங்க?"

"சொல்லுவேன். அதுக்காக இப்படி அடங்கிப் போவணுமா? முப்பத்தெட்டு வருசம் இந்தக் கோட்டிக்காரச் சத்தத்தக் கேட்டே பழகிட்டேன். வீடு வீடு மாதிரி இல்ல டீச்சர்."

இந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் மேடையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய பெண்கள் பள்ளி. ஆண்டுவிழா மேடை முழுக்க மரப்பலகை. இனிமேல் கிரானைட் போடுவதாக முடிவாகி, பெயர்த்த பலகைகளை விடுதிச் சமையலறைக்கு விறகாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது சமையல்கார அம்மா கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் ஒருநாள் தவணை வாங்கினேன். சாயங்காலம் நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பலகை இருக்கு. வந்து தட்டிப் பாருங்க."

"என் காது போச்சு டீச்சர்."

"போனாப் போகட்டும். விரல் இருக்குல்லா?"

எழுந்து சட்டையைப் போட்டார்.

மறுநாள் பள்ளி அரங்கில் அண்ணாச்சி, பெயர்க்காமல் மிச்சமிருந்த மேடைமேல் முழங்கால் போட்டுத் தவழ்ந்தார். கீழே நடன ஒத்திகையில் இருந்த பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாய் பார்த்தார்கள். சிஸ்டர் என் காதருகில் வந்து, "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார்.

"பரீட்சை வைக்கிறார் சிஸ்டர்."

முதல் பலகையில் விரலை வைத்துவிட்டுத் தயங்கினார். பிறகு பைய, ஒரே ஒரு தட்டு. காதைப் பலகையோடு ஒட்டிவைத்து இன்னொரு தட்டு. வெகுநேரம் அப்படியே படுத்திருந்தார். எனக்குக்கூடப் பயமாகிவிட்டது.

"டீச்சர், கோங்கு மரம். இதுல எத்தன பிள்ளைய ஆடிருக்கும்?"

"நான் படிக்கும்போதே பழைய மேடை அண்ணாச்சி. கணக்கே கிடையாது."

"அதான். மிதிபட்டு மிதிபட்டு அமந்துருக்கு. சத்தம் உள்ள போவுது, வெளிய வரல. சூடும் இப்படித்தான் உள்ள நிக்கும்." எழுந்து உட்கார்ந்தார். "ஆனா காத மட்டும் நம்புனா தோசைக்கல்லுதான் கெடைக்கும். வெயில்ல வச்சுப் பாக்கணும்."

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் இரண்டு பக்கமும் செங்கலை அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை. பலகைக்கு அடியில், சைலன்சருக்குப் பதிலாக, விடுதி அடுப்பிலிருந்து ஒரு சட்டி நெருப்பு. மேலே ஒரு கருப்பட்டி. குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி ஒருமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் பிள்ளைகள் நகரவில்லை. ஒருமணி நேரம் கழித்துக் கருப்பட்டியை இரண்டு விரலால் எடுத்தார். ஒட்டவில்லை. வியர்க்கவில்லை. தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். மைதானமே கைதட்டியது. சிஸ்டரும் தட்டினார்.

பலகையைச் சும்மா வாங்குவதற்கு அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. விடுதிக்கு விறகுதானே வேண்டும்? தேரிப் பக்கமிருந்து ஒரு வண்டி உடைமர விறகு கொண்டுவந்து இறக்கினார். அந்த இரும்புத் தளம் தன் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பலகை பொறுக்கும்போது ஒரு வழக்கு வந்தது. மேடையின் இடதுபக்கம் ஒரு பலகை, கை வைத்தாலே கிரீச் என்று கத்தியது. அண்ணாச்சி தள்ளி வைத்தார்.

"இது வாயாடி. வேண்டாம்."

"அண்ணாச்சி, அத எடுத்துக்கோங்க," என்றேன்.

"கத்துதே டீச்சர்?"

அஞ்சாம் வகுப்பில் கும்மி ஆடும்போது நான் நின்ற இடம் அது. நான் குதித்த ஒவ்வொரு குதிக்கும் அது கத்தி, அரங்கமே சிரித்து, நான் மேடையிலேயே அழுதுவிட்டேன். பிறகு அதே இடத்தில் நின்று பரிசு வாங்கியபோதும் அது கத்தியது. அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குக் கைதட்டலைவிடப் பிடித்திருந்தது. இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். அதை அடுப்பில் வைக்க எனக்கு மனசில்லை என்றும் சொன்னேன். அண்ணாச்சி அந்தப் பலகையைத் தூக்கித் தன் அடுக்கில் வைத்தார்.

பட்டறைக்காரர் இரும்புத் தகட்டை அறுத்து எடுத்தார். வண்டி அடிவயிறு தெரிய நின்றது. நாளை பலகை போட்டுவிடலாம் என்றார். மறுநாள் விடிகாலை போனால் பட்டறை பூட்டிக் கிடந்தது. பட்டறைக்காரர் குடும்பத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற அண்ணாச்சி ஒன்றை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. பட்டறைக்காரருக்கும் ஒரு சாஸ்தா உண்டு.

"அண்ணாச்சி, எங்க சாஸ்தா பாவநாசத்துக்கு அங்குட்டு மலையடிவாரத்துல இருக்காரு. நாளைக்கு உத்திரம்லா? இந்தா சாவி, உள்ள துளை போடுத மிஷின் இருக்கு. நீங்களே போட்டுக்கிடுங்க."

ஊர் முழுக்கத் தேடினோம். தச்சர் சாஸ்தாவுக்குப் போய்விட்டார். வெல்டர் போய்விட்டார். எலக்ட்ரீசியனும் போய்விட்டார். ஜில்லாவில் சாஸ்தா இல்லாமல் மிச்சமிருந்த ஒரே கை, ஞாயிற்றுக்கிழமை மணியடித்தால் சர்ச்சுக்குப் போகிற என்னுடையதுதான்.

ஆகவே காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். அண்ணாச்சி அறுத்தார், நான் அளந்தேன், பேச்சியக்கா திட்டினார். நான் டேப்பில் அளந்து சொன்ன நீளத்தை அண்ணாச்சி சாண் போட்டுப் பார்த்து, "விரக்கடை கூடுது" என்றார். கணக்கு டீச்சரிடமா? திரும்ப அளந்தேன். ஒரு விரல் அகலம் கூடத்தான் இருந்தது. பலகைக்குப் பலகை மழைத்தண்ணீர் வடியக் கொஞ்சம் இடைவெளி விட்டு, இரும்புச் சட்டத்தோடு போல்ட் வைத்து முடுக்கினோம். போல்ட்டை முடுக்குகிற நட்டு, எங்கள் பேச்சில் மறை, வண்டிக்கடியில் விழும்போதெல்லாம் பேச்சியக்காதான் படுத்து உள்ளே நுழைந்து எடுத்து வந்தார். "இந்த ஆக்கங்கெட்ட வண்டிய இரும்புக்காரன்ட்ட போட்டிருந்தா இந்நேரம் மெட்ராசுல காத்து வாங்கிட்டு இருப்பேன்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. ஆனால் மறையை எடுக்க மூன்றாவது ஆளை விடவில்லை. பொழுது சாயும்போது கடைசி போல்ட்டும் ஏறியது.

மறுநாள் காலை பேச்சியக்காவின் தம்பி பளபளவென்று புது வண்டியோடு வந்து நின்றார். பழைய தளத்தின் கதை ஊருக்கே தெரியுமாதலால் அண்டா, குண்டா, எண்ணெய் டின், பாயசத்துக்கான வெண்கலப் பானை எல்லாம் முன்னமே பேசி அவருக்கு ஒதுக்கியாகிவிட்டது. அண்ணாச்சிக்கு மிஞ்சியது அரிசி மூட்டையும் விறகும்தான். "பழைய வண்டி அத்தான், பையவே வாங்க" என்று தம்பி ஹாரன் அடித்துவிட்டு முன்னால் போனார். பலகை தந்த உரிமையில் என்னையும் அழைத்திருந்தார்கள். முன் சீட்டில் அண்ணாச்சி, அக்கா, நான்.

உடன்குடி தாண்டித் தார் ரோடு முடிந்து தேரிக்காடு ஆரம்பித்ததும், செம்மணல் பாதை ஏறி ஏறி இறங்கியது. எங்களுக்கு முன்னால் போன புது வண்டிக்குள்ளிருந்து டமால் என்று ஒரு சத்தம். அழகாகப் பெயிண்ட் அடித்த வழவழப்பான தகட்டுத் தளம். மேட்டில் ஏறும்போது எல்லாப் பாத்திரமும் பின்னால் ஓடி வந்தன, பள்ளத்தில் இறங்கும்போது எல்லாம் முன்னால் ஓடின. மூன்றாவது மேட்டில் பின்கதவின் கொண்டி கழன்றது. வெண்கலப் பானை முதலில் இறங்கியது. அதன் பின்னால் அண்டா. எண்ணெய் டின் ஒன்று உருண்டு போய்ப் பனைமரத்தடியில் நின்றது. எங்கள் பின்னால் அரிசி மூட்டை இருந்த இடத்தைவிட்டு விரக்கடை நகரவில்லை.

தம்பி இறங்கி மணலில் நின்றார். அண்ணாச்சியும் இறங்கினார். நான் மனசுக்குள், "சொல்லுங்க அண்ணாச்சி, இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வேண்டிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை.

"பையத் தூக்கு மாப்ள. பானை கனம்."

அத்தனை பாத்திரமும் எங்கள் வண்டிக்கு மாறியது. எல்லாம் ஏற்றி முடித்ததும் அண்ணாச்சி புது வண்டிக்கருகில் போனார். விரலை மடக்கினார். பேச்சியக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டொக் டொக்.

"நல்ல வண்டி மாப்ள. தளந்தான் வழுக்குது. பலகை வேணும்னாச் சொல்லு, நானும் டீச்சரும் போட்டுத் தாரோம்."

கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். மணலில் முன்னால் தத்தளித்து வந்த புது வண்டியையும், பின்னால் பானையும் அண்டாவும் ஒரு சிணுங்கல் இல்லாமல் சுமந்து வந்த பழைய வண்டியையும் பார்த்துப் பெண்கள் குலவையிட்டார்கள். குலவை சாஸ்தாவுக்குத்தான் என்று பேச்சியக்கா பிறகு சாதித்தார். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

பொங்கல் பொங்கி முடிந்தபோது சென்னையிலிருந்து மகனின் போன் வந்தது. அக்கா போனைக் காதில் வைத்தபடி நடந்து வண்டியின் பின்னால் வந்தார். பலகையைக் கையால் தடவினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முப்பத்தெட்டு வருடமாக எந்தப் பழக்கத்தைத் திட்டினாரோ அதையே செய்தார். நடுவிரலை மடக்கி, டொக் டொக்.

"ஏலே, நாங்க அங்க வரல. லீவுல நீங்க இங்க வாங்க. ஒங்க அப்பா வண்டிக்குத் தளம் போட்டாச்சு. இன்னும் இருவது வருசத்துக்கு அசையாது. என்ன சத்தமா? அது நாந்தான். போன வையி."

திரும்பி வரும் வழியெல்லாம், அரிசி மூட்டை இறங்கிவிட்ட முதுகுப்பக்கம் ஏதோ கிரீச் கிரீச் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"ஒங்க பலகைதான் டீச்சர். நான் உக்காந்துருக்க இடத்துக்கு நேர் பின்னால போட்டிருக்கேன். அது பேசிக்கிட்டே வந்தா எனக்கு ஓட்டும்போது கண்ணு சொக்காது."

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் உடன்குடிச் சரக்கு வருகிறது. வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பும்போது அந்தப் பலகை ஒரு கத்துக் கத்தும். நான் விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கருப்பட்டிக் காப்பிக்கு மூன்று பேருக்குத் தண்ணீர் வைப்பேன்.